வென்ட்டில் வரும் வாடை குறித்து மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து என் மனம் அதிலேயே நிற்கிறது. லாரியின் ஏசி காற்று வரும் வென்ட்டிலிருந்து பத்து நாட்களாக மருந்து வாடை வருகிறது என்றும், அதற்காக வாசனைப் புட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருப்பதாகவும் சொன்னாய். முதலில் அந்தப் புட்டியைக் கழற்றிவிடு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இப்போது நம்மிடம் இருக்கும் தடயம் அந்த வாடைதான். அதன் மேல் வேறொரு மணத்தைப் பூசிவிட்டால் எவ்வளவு தேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும் தடுமாறுவார்.

வண்டி முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து, ஜன்னல்களை மூடி, காற்றை ஊதும் விசிறியான புளோயரை நடு வேகத்தில் வைத்துச் சோதித்துப் பார். வெளிக்காற்றை இழுக்கும்போது மட்டும் வாடை வந்து, கேபின் காற்றையே சுழற்றும் நிலைக்கு மாற்றியதும் குறைந்தால், கோளாறு பெரும்பாலும் இன்ஜின் பக்கம் இருக்கும். ஒழுகும் டீசலோ, இன்ஜின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டிக் கருகும் ஆயிலோ வெளிக்காற்று நுழையும் வழியாகவே உள்ளே வந்துவிடும். காற்றைச் சுழற்றும்போதும் வாடை அப்படியே இருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தேட வேண்டும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே கதவுகளைத் திறந்துவைத்துக் கீழே இறங்கிப் பத்து நிமிடம் நில். மூக்கு எந்த வாடைக்கும் விரைவில் பழகிவிடும் என்பதால், முடிந்தால் வண்டியில் ஏறாத வேறொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொல்.

மூக்கில் சுரீரென்று ஏறும் அமோனியா நெடி என்றால், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவத்தின் குழாய் இணைப்புகளில் வெள்ளைப் படிகம் உறைந்திருக்கிறதா என்று பார். பிளாஸ்டிக் கருகும் நெடி என்றால் புளோயரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரோ அதன் பிளக்கோ உருகிக்கொண்டிருக்கலாம். உடனே புளோயரை நிறுத்திவிடு, சரிசெய்யும் வரை அதைப் போடாதே. அழுகிய முட்டை நாற்றம் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆவதைக் காட்டலாம். அப்போது அதன் அருகில் தீப்பொறி கூடாது.

ஆனால் நீ சொன்னது வேறு. இனிப்பு கலந்த மருந்து வாடை என்றாய்; முகப்புக் கண்ணாடியின் உட்புறம் துணியால் துடைத்தாலும் எண்ணெய்ப் பசைபோல மங்கல் படிகிறது என்றாய். இவை இரண்டும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் ஹீட்டர் கோர் மீதுதான் போகும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தச் சிறிய ரேடியேட்டர் வழியாக, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஓடுகிறது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் ஆவியாகிக் காற்றோடு வந்து கண்ணாடியில் படியும். இதே மங்கலை வெறும் அழுக்கு என்று நினைத்து நான் பல வாரங்கள் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். ஒருநாள் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போன பிறகுதான், கூலன்ட் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது தெரிந்தது. அந்தத் தாமதத்துக்கு நான் கொடுத்த விலை, இன்ஜின் சூட்டில் பழுதான ஒரு ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மட்டத்தைக் கோடிட்டுக் குறித்துவைத்து, இரண்டு நாள் கழித்து வண்டி ஆறிய நிலையில் அதே கோட்டைப் பார். ஹீட்டருக்குக் கீழே தரைவிரிப்பை அழுத்திப் பார். விரலில் வழுவழுப்பாக ஒட்டினால் அது தண்ணீர் அன்று. சுவைத்துப் பார்க்காதே, அது நஞ்சு. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதே. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருந்து, மூடி திறந்த நொடியில் முகத்தில் பாயும். பட்டறையில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் பிரஷர் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் கசிவு உறுதியாகிவிடும்.

ஓட்டையை அடைக்கும் பொடியைக் கூலன்டில் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். அவசரமென்றால் ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் நேராக இணைத்துவிட்டு ஓட்டலாம். ஹீட்டர் வேலை செய்யாது, பனியில் கண்ணாடி தெளியாது, ஆனால் கசிவு நிற்கும். நிரந்தரத் தீர்வு கோரை மாற்றுவதுதான். டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருந்தால் கூலி கூடும், அதற்காகத் தள்ளிப்போடாதே. பழைய கூலன்டை முழுவதும் வடித்துவிட்டு, உன் வண்டிக்குக் குறிப்பிட்ட வகையையே ஊற்றி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றச் சொல். வயதான கூலன்ட் துருத் தடுக்கும் சக்தியை இழந்திருப்பதால், அதையே மறுபடி ஊற்றினால் புதுக் கோரையும் அரித்துவிடும். ஹீட்டர் பெட்டியின் அடிப்பகுதியையும் தரைவிரிப்பின் அடிப்பஞ்சையும் கழுவிக் காயவைக்கவும் மறக்காதே. அதைச் செய்யாவிட்டால் புதுக் கோர் போட்ட பிறகும் பல நாள் வாடை நீடிக்கும்.

இன்னொன்று. வாடையோடு தலைவலியோ மயக்கமோ வந்தால் அது புகைக் கசிவாக இருக்கலாம். புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உடனே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிடு. கசிவு எதுவென்று தெரியும் வரை இன்ஜினை ஓடவிட்டுக் கேபினில் தூங்கவே தூங்காதே. குறித்த கோட்டிலிருந்து கூலன்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாளை மறுநாள் காலையில் எனக்குச் சொல், காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா