ஸ்கோப்பின் கிளிப்பும் எர்த்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே மின்னணுவியல் பழகுவோர் ஒரு டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப் (மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை அலையாகத் திரையில் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) வாங்கிக்கொள்வது நல்லது என்று தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை சொல்லியிருந்தது. அதில் எங்களுக்கும் உடன்பாடுதான். ஆனால் எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை சானல் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. கருவி மேசைக்கு வந்த முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று விடுபட்டுப்போனது. சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் புரோபில் தொங்கும் முதலைவாய் கிளிப், கருவியின் உள்வழியாக மூன்று முள் பிளக்கின் எர்த்தோடு நேராக இணைந்திருக்கிறது. மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். இந்தக் கிளிப்பை அப்படி வைக்க முடியாது.

எல்.இ.டி. டிரைவர், மொபைல் சார்ஜர் போன்றவற்றில் 230 வோல்ட் நேராக பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்கு (ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டையோடுகள்) போய், பெரிய கபாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி.யாக நிற்கிறது. அந்தக் கபாசிட்டரின் மைனஸ் முனையை 'கிரவுண்ட்' என்று நினைத்துக் கிளிப்பை மாட்டினால், மெயின்ஸின் ஃபேஸ் ஒயரிலிருந்து டையோடு வழியாக எர்த்துக்கு ஷார்ட். பியூஸும் டையோடும் போகும், சில வேளை ஸ்கோப்பின் உள்தடமும் எரியும். இதைத் தவிர்க்க ஸ்கோப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். அப்போது ஷார்ட் ஆகாது, உண்மைதான். ஆனால் கருவியின் உலோகப் பாகங்களும் புரோபைச் செருகும் பி.என்.சி. முனைகளும் அதே உயர் மின்னழுத்தத்தில் நிற்கும், தொடும் கைக்கு அது தெரியாது. பேட்டரியில் ஓடும் கைக்கடக்க ஸ்கோப்பிலும், வெளியே தெரியும் உலோகம் கிளிப்போடு இணைந்திருந்தால் இதே ஆபத்துதான். மெயின்ஸ் பக்கத்தை அளந்தே தீர வேண்டுமென்றால் எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கிடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். அல்லது சோதிக்கும் பொருளுக்கு (ஸ்கோப்புக்கு அல்ல) மெயின்ஸோடு நேரடி இணைப்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். புதியவர்கள் 12 வோல்ட்டுக்கு உட்பட்ட சர்க்யூட்டுகளிலேயே பழகட்டும்.

அங்கேயும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இரண்டு சானல்களின் கிளிப்புகளும் உள்ளே ஒன்றுதான். அவற்றை வெவ்வேறு புள்ளிகளில் மாட்டினால் அந்தப் புள்ளிகள் ஷார்ட் ஆகும். யு.எஸ்.பி. ஒயரால் மேசைக் கணினியோடு இணைந்த ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் கிரவுண்டும் பெரும்பாலும் எர்த்தில் இருக்கும் என்பதால், அதன் 5 வோல்ட் பின்னில் கிளிப்பை மாட்டுவதும் ஷார்ட்தான்.

புரோபின் சுவிட்சை எப்போதும் 10 எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) வையுங்கள். சானல் மெனுவிலும் அதே 10 எக்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் 5 வோல்ட் 0.5 ஆகவோ 50 ஆகவோ தெரியும். 1 எக்ஸில் புரோபின் கபாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட் அளவுக்கு ஏறிவிடும், அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லையும் (பேண்ட்வித்) சில மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் காலில் அதை வைத்தால் ஓடிக்கொண்டிருந்த கிரிஸ்டலே நின்றுபோகலாம். பிறகு கருவியின் முன்புறமுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோபை மாட்டி, அலையின் மூலைகள் உருண்டையாகவும் இல்லாமல் கொம்பு முளைத்தும் இல்லாமல் நேராக வரும்வரை டிரிம்மர் திருகை மெதுவாகத் திருப்புங்கள். புரோபை வேறு சானலுக்கு மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சதுர அலையின் விளிம்பில் துள்ளல் தெரிந்தால் உடனே சர்க்யூட்டைக் குறை சொல்லாதீர்கள். 15 செ.மீ. நீள கிரவுண்ட் ஒயருக்குச் சுமார் 150 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. புரோபின் 15 பிகோஃபாரடோடு சேர்ந்து அது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். ஒயரைக் கழற்றிவிட்டு, புரோபோடு வரும் சிறிய ஸ்பிரிங்கை நுனியருகே செருகி அளந்து பாருங்கள். நுனியையும் கிளிப்பையும் கிரவுண்டில் ஒரே புள்ளியில் வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. அப்போதும் கோடு துள்ளினால், அளக்கும் முறையில்தான் கோளாறு. பவர் சப்ளையின் ரிப்பிளை (டி.சி.யின் மேல் மிஞ்சும் சிற்றலை) அளக்கும்போது ஏ.சி. கப்ளிங் (டி.சி. பகுதியைத் தடுக்கும் அமைப்பு), 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட், ஸ்பிரிங் மூன்றும் வேண்டும். இவை இல்லாமல் கிடைக்கும் மில்லிவோல்ட் எண்ணை நம்ப முடியாது.

ஆட்டோ பொத்தான் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் அலைக்கு உதவும். கோளாறு எப்போதோ ஒருமுறைதான் வரும், அதைப் பிடிக்க, அலை குறித்த மின்னழுத்தத்தைக் கடக்கும் கணத்தைப் பிடிக்கும் ட்ரிக்கர்தான் வழி. ரிலே அடிக்கும்போதெல்லாம் ஆர்டுயினோ ஊனோ ரீசெட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சானல் ஒன்றை மைக்ரோகன்ட்ரோலரின் வி.சி.சி. (மின்சாரம் ஏறும்) காலிலேயே வையுங்கள், பிரெட்போர்டின் ஓரத்தில் அல்ல. டி.சி. கப்ளிங், கட்டத்துக்கு 1 வோல்ட், இறங்கும் விளிம்பு, ட்ரிக்கர் அளவு 4.5 வோல்ட், மோடு சிங்கிள் (ஒருமுறை பதிந்ததும் நின்றுவிடும்). சானல் இரண்டை ரீசெட் காலில் வைத்து ரிலேயை இயக்குங்கள். வி.சி.சி. மில்லி விநாடிக் கணக்கில் சரிந்தால் சப்ளைக்குத் திராணியில்லை, அல்லது ஒயரும் பிரெட்போர்டும் வோல்ட்டைத் தின்கின்றன. தனி சப்ளையோ 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டரோ தேவை. ஊனோவின் பிரவுன்-அவுட் எல்லை (மின்னழுத்தம் இதற்குக் கீழே போனால் சிப் தானே ரீசெட் ஆகும்) 2.7 வோல்ட் என்பதால், 4 வோல்ட் வரை மட்டும் இறங்கிய சரிவைக் காரணமாகச் சொல்ல முடியாது. வி.சி.சி. நன்றாக இருந்து ரீசெட் காலில் மட்டும் மெல்லிய ஊசி போல இறக்கம் தெரிந்தால், ரிலே காயிலின் குறுக்கே 1என்4007 டையோடு இருக்கிறதா, அதன் கேதோடு பிளஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.சி. கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஐ2சி (இரண்டு ஒயர்களில் தகவல் அனுப்பும் முறை) சென்சார் அவ்வப்போது பதில் தராமல் போனால், தகவல் போகும் எஸ்.டி.ஏ. கோட்டின் ஏறும் விளிம்பைப் பாருங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் அது 1000 நானோ விநாடிக்குள் ஏற வேண்டும், 400 கிலோஹெர்ட்ஸில் 300-க்குள். கோட்டை மேலே இழுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரும் நீள ஒயரின் 200 பிகோஃபாரடும் சேர்ந்தால் ஏறக்குறைய 1700 ஆகிவிடும். புல்-அப்பை 4.7 கிலோ ஓமாக மாற்றினால் 800-க்கு இறங்கும்.

வாங்குவது பற்றியும் ஒரு சொல். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் தேடுவோர் மெகாஹெர்ட்ஸை மட்டும் கேட்காமல் நினைவக அளவையும் (ஒரு பதிவில் எத்தனை புள்ளிகள் என்பதை) கேளுங்கள். டி.எஸ்.ஓ.138 என்ற சிறிய ஸ்கோப் கிட்டில் 1024 புள்ளிகள், 200 கிலோஹெர்ட்ஸ். ஆடியோவுக்கும் ஆர்டுயினோவின் 490 ஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம்.முக்கும் (துடிப்பின் அகலத்தை மாற்றும் வெளியீடு) போதும், அதற்கு மேல் சிரமம். ரைகால் டி.எஸ்.1054இசட் ஸ்கோப் 1.2 கோடி புள்ளிகளையும் சேமிக்கும். நினைவகம் குறைந்த கருவியில் நேர அளவைக் கூட்டினால் மாதிரி வேகம் (விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) விழுந்து, இல்லாத மெதுவான அலை திரையில் தோன்றும். நேரக் குமிழை ஒரு படி திருப்பிப் பாருங்கள். அலையின் அதிர்வெண் அதோடு மாறினால் அது பொய் அலை.

இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது, எர்த் முள்ளை வெட்டக்கூடாது என்பதைக் கட்டுரையின் பக்கத்திலேயே பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறோம். விலைப் பட்டியலுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர்கள் சிலர்,
கோவை.