வீடு தேடும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

புதிய ஊரில் வேலை உறுதியாகிவிட்டது என்றும், சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்குள் வாடகை அடங்கும்படி ஓர் அடுக்குமாடி வீட்டைத் தேடத் தொடங்கிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். வேலை கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த 30 விழுக்காட்டைத்தான் என்னால் அவ்வளவு எளிதில் ஏற்க முடியவில்லை.

அந்த எண் பிறந்த கதையைக் கேள். அமெரிக்காவில் அரசின் பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களிடம் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை பெறக்கூடாது என்று, எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த சட்டத் திருத்தம் 1969-இல் வரம்பு கட்டியது. 1981-இல் அதையே 30 விழுக்காடாக உயர்த்தினார்கள். ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புக்கு வகுத்த உச்சவரம்பை இன்று எல்லாரும் எல்லா ஊருக்கும் பொதுவான இலக்கணம்போல ஒப்பிக்கிறார்கள். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1868-இல், பெர்லின் நகரப் புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே, வருமானம் குறையக் குறைய அதில் வாடகை விழுங்கும் பங்கு கூடுகிறது என்று கணக்கெடுத்துக் காட்டியிருந்தார். ஆகவே முதல் சம்பளக்காரியான உனக்கு 30-க்குள் வீடு அமையாமல் போனால் உன்னை நொந்துகொள்ளாதே. அமைந்துவிட்டாலும், அந்த ஒன்றை மட்டும் வைத்து அது கட்டுப்படியாகும் வீடு என்று முடிவு கட்டிவிடாதே.

கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார். சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள். அலுவலகத்துக்கு அருகிலுள்ள வீட்டுக்கு 34 பங்கு, ஊர்க்கோடியில் உள்ள வீட்டுக்கு 24 பங்கு என்றால், 10 பங்கு லாபம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெருநகரங்களைப் போல எல்லாப் பகுதிகளுக்கும் ரயிலோ இரவுப் பேருந்தோ ஓடாத நடுத்தர நகரத்தில், ஊர்க்கோடிக்குக் குடிபோனால் சொந்த வண்டி இல்லாமல் தீராது. தவணையும் எரிபொருளும் பழுதுபார்ப்பும் சேர்ந்து அந்த 10 பங்கையும் கரைத்துவிடக்கூடும். ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால், 22 வேலை நாட்களில் 29 மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்கும் தொகையில் சாப்பாடும் கடன் தவணையும் நோய்நொடிக்கான சேமிப்பும் அடங்குகின்றனவா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே எழுதிப் பார். முன்பணம், முதல் மாத வாடகை, தரகு, வண்டிக்கூலி எல்லாம் ஒரே வாரத்தில் கைமாற வேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதே.

நடுத்தர நகரத்தில் ஒரே சமயத்தில் காலியாக இருக்கும் வீடுகள் குறைவு. அவற்றிலும் பல, விளம்பரத்துக்கு வருமுன்பே வாய்வழிச் செய்தியாக யாருக்கோ போய்விடும். ஆகையால் செயலிகளை மட்டும் நம்பியிராமல், உடன் வேலை செய்பவர்களிடமும் பிடித்த தெருக்களின் காவலாளிகளிடமும் சொல்லி வை. கல்லூரிகள் நிறைந்த ஊர் என்றால் கல்வியாண்டு தொடங்கும் வாரங்களைத் தவிர்க்க முடியுமா என்று பார். நேரில் பார்க்காத வீட்டுக்கு, எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஒரு காசும் அனுப்பாதே.

நான் ஒருமுறை விடுமுறை நாள் நண்பகலில் ஒரு வீட்டைப் பார்த்து, அதன் அமைதியில் மயங்கி அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பின்புறத்து இரும்புப் பட்டறை விழித்துக்கொண்டது. ஒப்பந்தம் முடியும்வரை பதினொரு மாதம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தினேன். அதனால் வேலை நாளில் ஒருமுறையும் இருட்டிய பிறகு ஒருமுறையும் போய்ப் பார். குழாயைத் திறந்து நீரின் வேகத்தைக் கவனி. ஒவ்வோர் அறையிலும் நின்று கைபேசியில் பேசிப் பார். ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால், உள்ளே ஈரக்கசிவு உண்டா என்று கேட்கத் தயங்காதே.

பேரம் பேசுவதில் உனக்குக் கூச்சம் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஒரு வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் உரிமையாளர் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கை, அதாவது 8 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக, இழக்கிறார். எனவே சில வாரங்களாகக் காலியாக உள்ள வீட்டுக்கு 5 விழுக்காடு குறைத்துக் கேட்பது அவருக்கும் நட்டமில்லாத பேச்சுதான். அதைவிட முக்கியம் ஆண்டு உயர்வு. ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால் மூன்றே உயர்வில் வாடகை 33 விழுக்காடு ஏறிவிடும். 5 என்றால் ஏறத்தாழ 16-தான். உன் சம்பளம் அந்த வேகத்தில் உயருமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தப் பழுது யார் செலவு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடித்தம் உண்டு என்பவை எழுத்தில் இருக்கட்டும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் தரையையும் படமெடுத்து, உரிமையாளருக்கும் ஒரு படி அனுப்பிவிடு. எனக்கு முன் குடியிருந்தவர் விட்டுச்சென்ற கறைக்கு என் முன்பணத்தில் பிடித்தம் செய்த அனுபவம் உண்டு. மறுக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் வரைவை எனக்கு அனுப்பு. அந்தப் பங்குக் கணக்கையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
அக்கா