3389-ஐத் திறந்து வைக்காதீர்கள்: சிறு அலுவலகக் கணினிகளைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொழில் நண்பர்களே,

திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகள், ஈரோட்டு ஜவுளி மொத்தக் கடைகள், ஊருக்கு ஊர் இருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் என இவர்கள் எல்லோருடைய கணக்கும் உங்களை நம்பித்தான் இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்குக் கணினித் துறை என்று தனியாக ஒன்று உண்டு. இவர்களுக்கு நீங்கள் ஒருவர்தான். வீட்டிலிருந்தே டாலி கணக்கு மென்பொருளைப் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை அமைக்கிறீர்கள். இணைப்பு வர மறுக்கிறது. அவரோ பின்னாலேயே நிற்கிறார். அந்த நெருக்கடியில் நம்மில் பலர் செய்யும் இரண்டு காரியங்களை இனி விட்டுவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். ஒன்று, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைச் சர்வரில் மொத்தமாக அணைப்பது. மற்றது, ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு உள்ளே நுழையும் வாசலான 3389 என்ற எண்ணுள்ள போர்ட்டை ரவுட்டரில் இணையம் முழுவதற்கும் திறந்துவிடுவது.

சோதனைக்காக என்று சொல்லித்தான் திறக்கிறோம். வேலை செய்யத் தொடங்கியதும் பில் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். அது அப்படியே வருடக்கணக்கில் கிடக்கிறது.

அப்படிக் கிடக்கும் ஏதாவது ஒரு சர்வரில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். தோல்வியடைந்த உள்நுழைவுகள் வரிசையாக வரும்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், ஸ்கேன், மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர். நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓயாமல் வந்திருக்கும். இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் துழாவும் நிரல்களின் வேலை அது. போர்ட் எண்ணை வேறொன்றாக மாற்றிவிட்டால் போதும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த நிரல்கள் எல்லா எண்களையும் பார்க்கக் கூடியவை. கடவுச்சொல் கடினமானது என்பதும் முழுக் காப்பு அல்ல. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை, விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்றவற்றில் கடவுச்சொல்லே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியே உள்ளே புக இடம் தந்தது. ஆதரவு எப்போதோ முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

உள்ளே புகுந்தவன் கணக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். பேக்கப் அதே சர்வரின் டி டிரைவில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டிய வாரத்தில் இது நடந்தால் அந்தச் சிறு முதலாளியின் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

3389-ஐத் திறப்பதற்குப் பதில், வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே இணையத்தின் வழியே மறையாக்கப்பட்ட தனிப் பாதை ஒன்றை, அதாவது டனலை, போடுங்கள். அப்போதும் இணைப்பு வராவிட்டால் காரணத்தை உள்ளிருந்து வெளியே தேடிக்கொண்டு வர வேண்டும். முதலில் சர்வரிலேயே உட்கார்ந்து ரிமோட் டெஸ்க்டாப் சேவை 3389-இல் இணைப்பை எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று, இயங்கும் போர்ட்டுகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில் பாருங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். அது வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. அடுத்து அதே அலுவலகத்தின் இன்னொரு கணினியிலிருந்து முயலுங்கள். அதுவும் சரியென்றால் மட்டுமே டனலையும் ரவுட்டரையும் சந்தேகிக்க வேண்டும். கணினி பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் போவதை வைத்துப் போர்ட் திறந்திருப்பதாக முடிவுகட்ட முடியாது. பதிலே வராமல் டைம்-அவுட் என்று வந்ததும் ஃபயர்வால்மேல் பழி போடுவதும் தவறு. விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும்போது, யாருமே கேட்டுக்கொண்டிராத போர்ட்டுக்கும் அது பதில் அனுப்புவதில்லை. சேவை நின்று போயிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே டைம்-அவுட்தான் தெரியும். இது தெரியாததால்தான் பலர் ஃபயர்வாலை அணைக்கிறார்கள். அணைத்தும் இணைப்பு வருவதில்லை.

ஃபயர்வாலே காரணம் என்று உறுதியானாலும் அதை அணைக்கத் தேவையில்லை. டனல் போட்டதும் விண்டோஸ் அந்தப் புதிய வலையமைப்பைப் பெரும்பாலும் பப்ளிக் என்று வகைப்படுத்திவிடும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதி பிரைவேட் வகைக்கு மட்டும் இயங்கினால் இணைப்பு அங்கே நின்றுவிடும். அந்த ஒரு விதியைத் திறந்து, டனலின் முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி எல்லை வகுத்தால் காரியம் முடிந்தது.

டனலுக்கு நான் பரிந்துரைப்பது வயர்கார்டு என்ற மென்பொருள். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. விண்டோஸிலும் மொபைலிலும் இலவசமாகக் கிடைக்கிறது. சரியான சாவி (ஒவ்வொரு கணினிக்கும் தரும் ரகசியக் குறியீடு) இல்லாதவருக்கு அது பதிலே தராது, ஆகவே துழாவும் நிரலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் வாடிக்கையாளரின் பிராட்பேண்ட் இணைப்பில் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை நடுவில் வைத்து, அலுவலகமும் வீடும் அதனுடன் போய் இணையும்படி செய்யுங்கள். 25 நொடிக்கு ஒருமுறை கீப்-அலைவ் என்ற சிறு செய்தியை அனுப்பும்படி வைத்தால் இணைப்பு உறங்கிப் போகாது.

டனல் வந்த பிறகும் இரண்டு சிக்கல்கள் ஆளை அலைக்கழிக்கும். முதலாவது, வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே 192.168.1 முகவரி வரிசை இருப்பது. முதலாளி 192.168.1.10 என்று கொடுத்தால் அவருடைய கணினி அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். அலுவலகத்தின் வரிசையை வேறொன்றாக மாற்றுங்கள், அல்லது டனல் முகவரியையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மற்றது கறுப்புத் திரை. கடவுச்சொல் ஏற்கப்படும், சாளரம் திறக்கும், பிறகு கறுப்பாகவே நின்று அறுந்துவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் மாறாது. சிறிய பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) போய்ச் சேர்ந்து பெரியவை வழியில் தொலைவது இதற்கு அடிக்கடி காரணமாக இருக்கும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட் இடம். டனலின் உறை போக, வயர்கார்டு வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். சில மொபைல் இணைப்புகளில் அதுவே அதிகம். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யூ. மதிப்பை 1280-க்குக் குறைத்துப் பாருங்கள். திரை வந்துவிட்டால் காரணம் அதுவேதான்.

தொலைவிலிருந்து பாதுகாப்பாகக் கட்டளைகள் கொடுக்க உதவும் எஸ்.எஸ்.எச். பழகியவர்கள் அதையே டனலாகப் பயன்படுத்தலாம். உங்கள் பக்கத்தில் 3389-க்குப் பதில் 3390 போன்ற வேறு எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்போடு மோதிக்கொள்ளும்.

இந்த வாரமே உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ரவுட்டரிலும் வெளி இணைப்புகளை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள், சாதனங்கள் கேட்டால் போர்ட் திறந்துகொடுக்கும் யு.பி.என்.பி. வசதி தானாகத் திறந்தவற்றையும் சேர்த்து. உங்களுக்கு முன் வந்தவர் வைத்துவிட்டுப் போனதாக இருந்தாலும் மூடுங்கள். டனல் போட்டுக் கொடுத்தால், எந்தச் சாவி யாருடைய கணினிக்கு என்று ஒரு தாளில் எழுதி முதலாளியின் கையில் கொடுங்கள். கணக்காளர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவருடைய சாவியை நீக்க உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்காதீர்கள். கேட்டால் கூப்பிட மாட்டார்கள்.

அன்புடன்,
இதே தொழிலில் இருக்கும் உங்கள் நண்பன்