வட்டமாக உட்கார இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். மனநலச் சிக்கலோடு வாழ்கிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுக்கள் நம் பக்கம் நடப்பதற்குப் பலர் உதவியிருக்கிறீர்கள். உங்கள் பேரைப் போட்டால், உங்களை வைத்தே எங்கள் உறுப்பினர்கள் யார் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். அதனால் பேர் போடாமல், செய்த உதவியை மட்டும் விவரமாக எழுதுகிறோம். படிக்கும்போது அவரவர் பங்கு அவரவருக்குத் தெரியும். இப்படி ஒரு குழுவைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் வழி கிடைக்கும்.

முதல் நன்றி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் சமூகப்பணியாளர்களுக்கும். "குழு ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு பெரும்பாலும் சட்டைப்பையிலேயே கிடந்து கிழிந்துபோகும். வாரக்கணக்கில் தூங்காதவரால் விலாசம் தேடி அலைய முடியாது. நீங்கள் எழுந்து வந்து, பக்கத்து அறைவரை கூட்டிப்போய், "இவங்க வர்ற வாரம் உங்களோட உட்காருவாங்க" என்று எங்கள் ஆளிடம் நேரில் ஒப்படைத்தீர்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவர்கள்தான் வந்து சேர்கிறார்கள்.

தேடுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேளுங்கள். அன்று காலையிலேயே, பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு சமூகப்பணியாளரைக் கேட்டுப் பாருங்கள். குழு என்றைக்குக் கூடுகிறது, யாருக்கானது, யார் நடத்துகிறார், நடுவில் சேரலாமா, எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடைசிக் கேள்வி முக்கியம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் தமிழ்க் குழுவில் வாரக்கணக்கில் தலையாட்டிவிட்டுப் போவதுண்டு. குழு எதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் பேரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆறேழு பேர் சேர்ந்தால் ஒன்றைத் தொடங்க முடியும்.

குழு சிகிச்சையும் ஆதரவுக் குழுவும் ஒன்றல்ல என்பதைப் பொறுமையாக எல்லோருக்கும் விளக்கும் உளவியலாளர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குழு சிகிச்சையைப் பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஆறு முதல் பத்துப் பேர், வாரம் ஒருமுறை, சுமார் ஒன்றரை மணி நேரம் நடக்கும். பெரும்பாலும் இத்தனை வாரம் என்று முன்பே முடிவாகியிருக்கும். பதற்றம், மனச்சோர்வு, குடி என்று ஒரே மாதிரிச் சிக்கல் உள்ளவர்களைச் சேர்ப்பார்கள். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்கள். காதில் குரல் கேட்டுத் தவிப்பின் உச்சத்தில் இருப்பவரையோ, போதை தெளியாதவரையோ அன்றைக்கே வட்டத்தில் உட்காரவைத்தால் அவருக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். ஆதரவுக் குழு வேறு. அதை அனுபவப்பட்டவர்களே நடத்துவார்கள், எப்போது வேண்டுமானாலும் சேரலாம், காசு கிடையாது. இரண்டில் எதுவும் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

இந்த முறை ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசியதிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் குடும்பத்தாரையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, எல்லோரையும் சேர்த்துவைத்துப் பேசினார். நமக்குப் பக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைக்கும் வழியில் வந்ததுதான்.

14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸில் பேசும் ஆலோசகர்களுக்கு நன்றி. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் இந்த எண்ணில் பேசிவிட்டு, அங்கே வழி கேட்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பலர். கூப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று முதலிலேயே சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க இடம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பேச்சு ஆறுதலோடு முடிந்துபோகலாம்.

கிராமச் செவிலியர்களே, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தங்கைகளே, உங்களை எப்படி விடுவது? அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கப் போன வீட்டில், உள்ளறையை விட்டு வெளியே வராத ஒருவர் இருப்பதைக் கவனித்தது நீங்கள்தான். "ஏம்மா, பையனுக்கு மாத்திரை தீந்துபோயி எத்தன நாளாச்சு?" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு வரும் பதிலை மருத்துவமனையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

குடிநோயிலிருந்து மீண்டு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களை நடத்தும் அண்ணன்மாருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த முறை, மேடையும் தலைவரும் இல்லாமல் கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுத்தது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. எல்லோரும் வரக்கூடிய திறந்த கூட்டம் உண்டு, குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டமும் உண்டு. வீட்டாருக்கு அல்-அனான் என்று தனியே இருக்கிறது. நீங்கள் விடாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்றை இங்கேயும் எழுதிவைக்கிறோம்: தினமும் அதிகமாகக் குடிப்பவர் குழுவில் சேர்ந்த உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் கை நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, ஆள் குழம்பிப்போகலாம். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்துவது முதலில், கூட்டம் அதற்குப் பிறகு.

மகளிர் குழு அக்காமாருக்கு நன்றி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். வட்டமாக உட்கார்வதும், முறை வைத்துப் பேசுவதும், கூட்டம் நடத்தும் பொறுப்பை மாற்றி மாற்றி எடுப்பதும் இங்கே பழகிப்போன காரியம். அதோடு, உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் நீங்களேதான் சொன்னீர்கள். வருகைப் பதிவேடு, தீர்மான நோட்டு, கையெழுத்து எதுவும் வேண்டாம் என்றீர்கள். நோட்டில் பேர் இருந்தால் அது என்றைக்காவது ஒருவர் கையில் கிடைக்கும், கல்யாணப் பேச்சு வரும்போது அதுவே வினையாகும் என்றீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்கிறோம். கடன், சீட்டு, வியாபாரம் எதுவும் வட்டத்துக்குள் வரக் கூடாது என்பதும் உங்கள் யோசனைதான். ஒருவருக்கொருவர் பணம் கொடுத்து வாங்க ஆரம்பித்தால் கடன் வாங்கியவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

இடம் கொடுத்தவர்களுக்கு வருகிறோம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம், ஆனால் வாசல் பெரிய சாலையைப் பார்த்து இல்லை. வெளியே பலகை வைக்கவில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. கழிப்பறை இருக்கிறது. ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலிகள், அதனால் இவருக்கு இது என்று தனி இருக்கை இல்லை. இத்தனையும் பார்த்துக் கொடுத்தீர்கள். குடிதண்ணீர் கேன் வைத்தது சின்ன விஷயமாகத் தெரியலாம். மனநல மருந்துகள் பலவற்றில் நாக்கு வறண்டு போகும், தண்ணீர் இல்லாமல் பத்து நிமிடம் தொடர்ந்து பேச முடியாது. இரவு மாத்திரையின் மந்தம் காலையிலும் இருக்கும் என்பதால் பத்தரைக்குத்தான் தொடங்க முடியும் என்றபோது அதற்கும் ஒத்துக்கொண்டீர்கள். ஷிப்டு வேலைக்காரர்களுக்காக ஞாயிறு மாலையும் திறந்துவிட்டீர்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். முதல் பத்து நிமிடம் விதிகளைப் படிப்போம். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும், வெளியே பார்த்தால் அவராகப் பேசினால் ஒழிய நாமாகப் பேசமாட்டோம், பேசப் பிடிக்காதவர் "அடுத்தவர்" என்று சொல்லிவிடலாம். பிறகு ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம் இந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்வார்கள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. "நீ அந்தக் கோயிலுக்குப் போ", "நான் மாத்திரையை நிறுத்தினேன், நல்லா இருக்கேன்" என்ற பேச்சு எழுந்தால் நடத்துபவர் உடனே கை காட்டி நிறுத்துவார். ஒரு குழு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: ஒருவரே அரை மணி நேரம் பேசுவதிலும், ஒருவர் மாத்திரையை இன்னொருவர் மாத்திரையோடு ஒப்பிடுவதிலும். மிச்ச நேரம் தூக்கம், வேலைக்குத் திரும்புவது, வீட்டில் வரும் சண்டை என்று ஏதாவது ஒரு விஷயம். கடைசிப் பத்து நிமிடம் பாரம் இறங்கிப் போவதற்கு. கனமான பேச்சு ஒன்றின் நடுவில் கூட்டத்தை முடித்து அனுப்பினால், அவர் அந்தக் கனத்தோடேயே பஸ் ஏறுவார்.

செத்துப்போகலாம் என்று இருக்கிறது என ஒருவர் சொன்னால், கூட்டத்தைச் சேர்ந்து நடத்தும் இன்னொருவர் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் நேராகவே கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடமாட்டோம். வீட்டாருக்குச் சொல்லி, வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்தச் சொல்வோம். அவசரம் என்றால் 108. இதற்காக நடுராத்திரியிலும் ஆட்டோ எடுத்து வந்த அண்ணனுக்கும், பூச்சிமருந்தைத் தன் வீட்டுப் பூட்டறையில் வாங்கி வைத்துக்கொண்ட பக்கத்துக் காட்டுக்காரருக்கும் எங்கள் கும்பிடு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

நாற்காலியும் மின்விசிறியும் வாங்கித் தந்துவிட்டு, படம் எடுத்துப் போடலாமா என்று கேட்காமல் போன கொடையாளருக்கு நன்றி. அந்தக் கேள்வியால் ஆட்கள் வராமல் போன கூட்டங்கள் உண்டு.

நடுவில் நின்றுபோனவர்களுக்கும் நன்றி. "பேசியதெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதால்தான், குழு எண்ணில் கூட்டத்தின் நாள், நேரம் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று ஆனது. மாங்காய் சீசனில் தோப்பு வேலைக்கும் கூழ் ஆலைக்கும் போய்விடுவதால் வர முடியவில்லை என்று சொன்னவர்களால், அந்த மாதங்களில் கூட்டம் சாயங்காலத்துக்கு மாறியது. வீட்டில் பஸ் காசு கேட்டால் எங்கே போகிறாய் என்று துருவுகிறார்கள் என்றார்கள் பெண்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது 2021-இல். அதற்குப் பிறகு அவர்கள் வரத்து கூடியது.

குடும்பத்தாருக்கான தனிக் கூட்டத்தில் விடாமல் உட்காரும் அம்மாக்கள், அண்ணிமார், அக்காமாருக்கும் நன்றி. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டி வருகிறவர்கள் அங்கே சிகிச்சைச் சுருக்கம் எழுதி வாங்கிக்கொண்டால் தொடர் மருந்தை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம், அதே மருந்து இங்கே இல்லையென்றால் மாற்றை மருத்துவர்தான் எழுத வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு மாற்றக் கூடாது என்பதை எல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள். மனநோயும் மாற்றுத்திறன் அடையாள அட்டைக்கு உரியது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி, விண்ணப்பத்தைக் கூடவே இருந்து நிரப்பிக் கொடுப்பதும் நீங்கள்தான்.

இன்னொரு உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, அஞ்செட்டிப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்குப் போக வரவே பாதி நாள் ஆகிறது. அந்த ஊர்களில் மாதம் இருமுறை, இரண்டு மணி நேரம், கதவு சாத்தக்கூடிய ஒரு அறையும் பத்து நாற்காலியும் தர முடிந்தவர்கள், வட்ட மருத்துவமனைக்கு மனநலக் குழுவினர் வரும் நாளில் அவர்களிடம் சொல்லிவையுங்கள். நடத்த ஆள் நாங்கள் அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
ஆதரவுக் குழுக்களை நடத்துவோர்
தருமபுரி, கிருஷ்ணகிரி