சுவரில் தலைகீழாக நின்ற வேப்பமரம்

காங்கேயம்,
மார்கழி, வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி, பனி விழுந்தால் எப்போதும் வருவதுதான். வெள்ளச்சி கன்று போட்டிருக்கிறாள், காளைக் கன்று. இப்போது செவலையாக இருக்கிறது, ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பாப்பா பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"சொல்லும்மா, நான் போனில் டைப் பண்ணி அனுப்பிவிடுகிறேன்" என்றுதான் பாப்பா சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் படிக்கக் கூடாதது ஒன்று இதில் வரலாம். அது வருமா வராதா என்று எழுத உட்கார்ந்த இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியவில்லை.

உன் அறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? போன தடவை கேட்டதற்கு, "ஏதோ ஒரு பக்கம்மா" என்றாய். பொழுது எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று தெரியாத பிள்ளையா நீ? ஏழு வயதில் ஆத்தாவின் உலக்கையை வாசலில் நட்டு வைத்துக்கொண்டு, சித்திரை பிறந்து நாலைந்து நாள் பொறுத்து, மத்தியானம் பன்னிரண்டு இருபது வாக்கில் நிழல் முழுசாக மறையும் என்று சொல்லிக் காத்துக் கிடந்தவன். உங்கப்பாவும் வேலையை விட்டுவிட்டு உன்னோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் சூடு கண்டுவிட்டது, மோர் கரைத்துக் கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்தது. ஆனால் நிழல் மறைந்தது. உலக்கையின் அடியில் ஒரு பொட்டு நிழல்கூட இல்லை. அப்புறம் ஆவணியில் மறுபடியும் ஒரு நாள் அப்படி வரும் என்று நீதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

நம் பக்கத்தில் சூரியன் என்று யார் சொல்கிறார்கள். பொழுது கிளம்பியது, பொழுது விழுந்தது, பொழுதுக்கும் வேலை. சூரியனும் நாளும் நமக்கு ஒரே சொல்தான். உன் ஸ்டாக்ஹோமில் இந்த மாதம் பகலே ஆறு மணி நேரம்தானாம், மூன்று மணிக்கு முன்னாலேயே பொழுது விழுந்துவிடுமாம். பாப்பா போனில் பார்த்துச் சொன்னாள். நமக்கு மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வெளிச்சம் இருக்கிறது. ஆறு மணி நேரம் கிடைக்கிற ஊரில் அந்த ஆறையும் துணி போட்டு மூடலாமா சாமி?

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாய். உனக்கு அப்போது மத்தியானம். அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் உள்ளே வந்து மேசை மேல் விழுந்திருந்தது. மூன்று தட்டு இருந்தது. ஒன்றில் காய்ந்த சோறு. நீ உடனே காமிராவை அணைத்துவிட்டு, "நெட் சரியில்லைம்மா" என்றாய். சரி, நெட் சரியில்லை. நான் அந்தத் தட்டுகளைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் விலக்கு என்றுதான் சொல்கிறேன்.

போன வருஷம் இந்த நேரத்தில் எத்தனை படம் அனுப்பினாய்! ஏரி உறைந்து அதன் மேல் வெயில் படுத்துக் கிடந்தது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் மரங்களின் நிழல் தெருவை விட நீளமாக விழுந்தது. பொழுது அங்கே உச்சிக்கு வருவதே இல்லை, அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து போய் விழுந்துவிடும் என்று எழுதியிருந்தாய். டிசம்பரில் அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு வைப்பார்கள், தெருவில் நடந்தால் நம் கார்த்திகை மாதிரி இருக்கும் என்றும் சொன்னாய். அதை நான் தேங்காய்க் களத்தில் எல்லோருக்கும் சொன்னேன். கூட வேலை செய்கிற அக்கா, "உன் பையன் அவ்வளவு தூரம் போயும் விளக்கைப் பார்த்து ஊரை நினைக்கிறான்" என்றாள். அன்று எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது. இந்த வருஷம் அவள் கேட்கிறாள், "படம் எதுவும் வரலையா?" நான் என்ன சொல்லட்டும்? புரட்டாசியில் இருந்து நீ அனுப்புவது ஒரு கட்டைவிரல் படம், இல்லாவிட்டால் ஒரு "ம்". பெற்றவளுக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. உன் ஜன்னலில் மட்டும் விளக்கு இல்லையோ என்று கார்த்திகை அன்று அகல் ஏற்றும்போது நினைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை. பெரிய மாமன் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார், அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். அதை விடு.

களத்தில் இப்போது நல்ல வேலை. காலை ஆறரைக்குப் போகிறேன். உடைத்த தேங்காய் மூடிகளை வரிசையாகக் கவிழ்க்காமல் பரப்பி வைத்திருப்போம், உனக்குத் தெரியுமே. பொழுது கிழக்கால கிளம்பிச் சாய்வாக அடிக்கும்போது ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு பக்கம் விளிம்பின் நிழல், எதிர்ப்பக்கம் வெள்ளை வெளிச்சம். களம் முழுக்கப் பிறை பிறையாகக் கிடக்கிறது. பத்து நிமிஷம்தான். பொழுது மேலே ஏறினால் மூடி முழுக்க வெளிச்சமாகி வெறும் தேங்காயாகிவிடும். இத்தனை வருஷம் அங்கே வேலை செய்தும் காயுமா காயாதா, தார்ப்பாய் போடணுமா வேண்டாமா என்றே வானத்தைப் பார்த்திருக்கிறேன். பிறையைப் பார்த்தது இந்த மார்கழியில்தான். உனக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன் இல்லையா, அதனால் கண்ணில் பட்டிருக்கும்.

ஆடியில் நீ ஊருக்கு வருவாய் என்று நினைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து மாடு மேய்கிற கொறங்காட்டைப் புரட்டிப் போடும்போது மேகத்தின் நிழல் கிளுவை வேலியைத் தாண்டித் தாண்டி ஓடுமே. மழை கேரளாவோடு நின்றுவிடும், நிழல் மட்டும் நமக்கு வரும். நீயும் பாப்பாவும் அந்த நிழலுக்குள்ளேயே ஓட வேண்டும் என்று பந்தயம் வைப்பீர்கள். ஒரு நாளும் ஜெயித்ததில்லை. இந்த ஆடியில் அந்த நிழல் வாசலைத் தாண்டிப் போனபோது நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

தினமும் காலையில் எழுந்ததும் ஸ்கிரீனை விலக்கு. மேகமாக இருந்தாலும் விலக்கு. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு அரை மணி நேரம் வெளியே போய் நட. வேலை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதே, நீ முடிக்கும்போது பொழுது இருக்காது. கம்பளிக் குல்லாய் போட்டுக்கொள். ஸ்கிரீனை விலக்கு என்று இரண்டு தரம் எழுதிவிட்டேன், தெரியும்.

உனக்கு 2019 கிரகணம் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 26, காலேஜ் லீவில் வந்திருந்தாய். ஆத்தா தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்து, ஊறுகாய்ச் சாடியில் தர்ப்பை போட்டு, யாரும் வெளியே போகக் கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதரை மணி இருக்கும், நீ வாசலில் இருந்து, "அம்மா, மேலே பார்க்காதே, கீழே பாரு" என்று கூப்பிட்டாய். நான் வந்தேன். மேகமே இல்லாமல் வெயில் மங்கியிருந்தது. சாயங்கால வெளிச்சம் மாதிரி, ஆனால் அதில் மஞ்சள் இல்லை. வேப்பமரத்தடியில் சிமெண்டுத் தரை முழுக்க வளையம். வளையல்காரன் கூடையைக் கவிழ்த்த மாதிரி நூறு, இருநூறு. காற்றில் இலை அசைய எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று நழுவியது. என் சேலை மேலேயும் விழுந்தது. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் காமிரா மாதிரி, எப்போதும் மரத்தடியில் விழுகிற வட்டமெல்லாம் பொழுதின் படம்தான், இன்றைக்குப் பொழுதே வளையமாக இருப்பதால் வளையமாக விழுகிறது என்று சொன்னாய். எனக்குப் பாதிதான் விளங்கியது.

ஆத்தா திட்டியும் நான் ஏன் வெளியே வந்தேன் என்று நீ கேட்டதில்லை. இதைத்தான் பாப்பா படிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

உங்கப்பா தவறிப்போன வருஷம் நான் மேற்கு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தது உனக்குத் தெரியும். எத்தனை நாள் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு இல்லை. ஜன்னல் பலகையில் கணு விழுந்து கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. ஒரு காலையில் கஞ்சி கொண்டுவந்த நீ அப்படியே நின்றுவிட்டாய். "அம்மா, செவுத்துல வேப்பமரம் தலைகீழா நிக்குது பாரு." எதிர்ச் சுவரில் மரம் நின்றது. வேர் மேலே, கிளை கீழே, சுவரின் அடியில் நீலமாக வானம். இலைகூட அசைந்தது. மாடு ஒன்று காலை மேலே தூக்கிக்கொண்டு நடந்து போனது. உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா போனபின் நீ சிரித்தது அன்றுதான்.

நான் உன்னை அறைந்தேன். "அப்பா போய் நாற்பது நாள் ஆகலை, உனக்கு வேடிக்கையா" என்று கேட்டேன். அப்புறம் எழுந்து கிழிந்த துணியைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்தேன். நீ அழவில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு கிரகணத்தன்று வரைக்கும் எதையும் எனக்குக் காட்ட நீ கூப்பிட்டதே இல்லை. ஒன்பது வருஷம். அதனால்தான் வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படத்தை நீ சொல்வதற்கு முன்னாலேயே நான் பார்த்திருந்தேன், பல நாளாக. மரத்தடியில் அவருடைய கயிற்றுக் கட்டில் தலைகீழாக, ஆள் இல்லாமல் கிடந்தது தெரியும். பொழுதுக்கும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று திறக்காமல் இருந்தேன். குளிக்கவில்லை. நீ வைத்துவிட்டுப் போன தட்டெல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. நீதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினாய், பதினோரு வயதில். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆத்தாதான் என்னைத் தூக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை, புத்தி சொல்லவில்லை. தினமும் காலையில் கையைப் பிடித்து இழுத்து வாசலில் வெயில் படுகிற இடத்தில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். அது மட்டும் போதவில்லை. மாதம் ஒருமுறை ஈரோட்டுக்குப் போனோமே, பல் டாக்டரிடம் என்று உங்களிடம் சொன்னோம். பல்லுக்கு இல்லை கண்ணு. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தூங்க ஆரம்பித்தேன், அப்புறம் பசித்தது, அப்புறம் களத்துக்குப் போனேன். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் என்ன பேசுவார்கள் என்று ஆத்தாவும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ இப்போது என்னிடம், "நெட் சரியில்லை" என்று சொல்ல வேண்டியிருந்திருக்காது.

எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். அங்கே டாக்டர் இருப்பார், போய்ப் பார். நான் போனேன் என்று உனக்குத் தெரியட்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஒன்பது என்றால் இங்கே ஒன்றரை, சாப்பிட்டுவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டாம். ஸ்கிரீனை விலக்கி ஜன்னலை மட்டும் படம் எடுத்து அனுப்பு. மேகமாக இருந்தாலும் சரி.

போன செவ்வாய்க்கிழமை மேற்கு அறைக்குப் போய் ஓட்டையில் இருந்த துணியை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் கட்டை மாதிரி இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித்தான் எடுத்தேன். ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்தேன். மரம் பெருத்துவிட்டது. கட்டிலில் பாப்பா தலைகீழாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டியதுகூடத் தெரிந்தது. போனில் படம் எடுத்துப் பார்த்தேன், வெறும் கறுப்பாக விழுகிறது. எனக்கு எடுக்கத் தெரியவில்லை. நீ வந்து எடு.

அம்மா