பெயரும் முகவரியும் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். போன மாதம் அவசர ஷிப்மெண்ட் வேலையை முடித்துவிட்டு, இரவு பன்னிரண்டரை மணிக்கு டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு நடந்து வந்தவனை ரோந்துப் போலீஸார் நிறுத்தினார்கள். பெயர், தெரு, கம்பெனி எல்லாம் சொல்லியிருக்கிறான். "ஆதாரைக் காட்டு" என்றார்களாம். அட்டை வீட்டில் இருந்தது; போனில் சார்ஜ் இல்லை. ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்து லைன் வீட்டுப் பையன் பார்த்து வந்து சொல்ல, அக்கா ரேஷன் கார்டு முதல் ஆதார் வரை வைத்திருக்கும் மஞ்சள் பையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் விட்டார்கள்.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றத்தைப் போலீஸ் கண்ணெதிரே செய்தவர், அல்லது செய்ததாகச் சொல்லப்படுபவர், பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தால், அல்லது பொய் சொல்வதாக நம்பக் காரணம் இருந்தால், அதைத் தெரிந்துகொள்ளக் கைது செய்யலாம். உண்மை தெரிந்ததும் ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். அட்டை என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. என் அக்கா மகன் குற்றமும் செய்யவில்லை, பெயரை மறைக்கவும் இல்லை.

வண்டி ஓட்டுகிறவர்கள் விஷயம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவின்படி சீருடையில் உள்ள போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும்; அரசின் டிஜிலாக்கர் செயலியில் காட்டினாலும் செல்லும். நடந்து போகிறவர் ஆதாரைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது.

ரோந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டு உடைக்கும் திருட்டுக்குப் பயந்து கிடக்கும் தெருவில்தான் நாங்களும் இருக்கிறோம். சந்தேகம் என்றால் விசாரிக்கட்டும். ஆனால் கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தால் கேட்டில் இருந்த செக்யூரிட்டியே சொல்லியிருப்பாரே! அந்த நேரத்தில் அக்கா எதற்கு ரோட்டில் ஓட வேண்டும்?

தமிழ் பேசும் பையனுக்கே இந்த நிலை என்றால், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து எங்களோடு ஷிப்ட் பார்க்கும் பையன்கள் பாஷை தெரியாமல் என்ன செய்வார்கள்? ரோந்தில் போலீஸார் எதைக் கேட்கலாம், நாம் எதைச் சொன்னால் போதும் என்பதைக் காவல்துறை தமிழிலும் இந்தியிலும் ஒரே பக்கத்தில் அச்சடித்து, ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் ஒட்ட வேண்டும். ரோந்து போகிறவர்கள் கையிலும் அதே தாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.