குருவி ரத்தமும் மனிதருக்கான கருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

காட்டுப் பறவைகளின் ஹீமோகுளோபினைக் கைக்கருவியால் அளப்பது பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பலாம் என்ற தொனி மட்டும் உறுத்தியது. பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் பணியில் உதவுபவன் என்பதால் எழுதுகிறேன்.

ஹீமோக்யூ போன்ற கருவிகள் மனித ரத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது, பறவைகளுக்கு உண்டு. ரத்தத்தை ஏந்தும் சிறு கலமான குவெட்டில் உள்ள மருந்து அணுக்களை உடைத்ததும் ஹீமோகுளோபின் வெளியே வரும். கூடவே உட்கருக்களும் மிதந்து ரத்தத்தைக் கலங்கலாக்கும். ஆய்வகத்தில் என்றால் சுழற்றி அவற்றைப் படிய வைத்துவிடுவார்கள். கைக்கருவி 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நிறத்தையும் 880-இல் கலங்கலையும் பார்த்துக் கழித்துக்கொள்கிறது. அது முழுக்க ஈடுகட்டிவிடுவதில்லை. ஆய்வக முறையோடு ஒப்பிட்டவர்கள், பறவை ரத்தத்துக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 1 கிராம் கூடுதலாகவே காட்டுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஹீமாடோகிரிட்டிலிருந்து, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கிலிருந்து, கணக்குப் போட்டு ஹீமோகுளோபின் சொல்லும் கருவிகளின் கதை வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

அதற்காகக் கருவியை ஒதுக்கச் சொல்லவில்லை. 10 கிராம் குருவியிடம் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுப்பதில்லை, அதாவது சுமார் 100 மைக்ரோலிட்டர். இந்தக் கருவிக்கு 10 போதும். இறக்கைக்கு அடியில் இறகை ஒதுக்கி, மெல்லிய ஊசியால் ரத்தக்குழாயைத் தொட்டால் ஒரு முத்து ரத்தம் வரும். குவெட்டின் நுனியை வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். குமிழி விழுந்தால் அந்தக் குவெட் வீண்தான். பஞ்சை அழுத்தி ரத்தம் நின்றதும் பறவையை விட்டுவிடலாம்.

ஒரே கருவி, ஒரே முறை என்றால் ஒப்பீடு பலமாகவே நிற்கும். கூட்டில் ரத்தம் குடிக்கும் ஈப்புழுக்கள் மொய்த்த நீல டிட் என்ற சிறு பறவையின் குஞ்சுகளுக்கு ஹீமோகுளோபின் குறைவதை இப்படித்தான் பார்க்க முடியும். ஆனால் குஞ்சு வளர வளர அளவு தானே ஏறும். இறகு உதிர்க்கும் காலத்திலும் வலசைக்கு முன்னும் மாறும். வயதைச் சொல்லாமல் “ரத்தசோகை” என்று எழுதுவது அவசரம்.

அப்புறம் ஒன்று: கட்டுரையின் அட்டவணையில் உள்ள எண்கள் திருத்தியவையா, கருவி காட்டியபடியேவா? எந்தக் கருவி என்பதும் இல்லை. அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்